புள்ளியும் மதிப்பும்
(சிற்றுருப் போர் விளையாட்டிற் படைகளைச் சமன் செய்யும் முறை)

புள்ளி என்னுஞ் சொல் ஆசிரியர்க்குப் புதியதன்று. விடைத்தாளின் ஓரத்திற் சிவப்பு மையால் இடுவதும் புள்ளி. இல்ல விளையாட்டுப் போட்டியில் முதலாவதாக ஓடிவந்தவன் தன் இல்லத்துக்குச் சேர்ப்பதும் புள்ளி. ஆயினும், பூதத்துக்கும் வில்லாளனுக்கும் பறக்கும் நாகத்துக்கும் புள்ளியிடுங் கலை ஒன்று உண்டென்பதை அண்மையிலேதான் யான் அறிந்தேன். அறிவித்தவர் மாணவர் இருவர். அவர்களுள் ஒருவனுக்கு யான் பிழையான விடை கூறினேன். அப்பிழையைத் திருத்த முயன்றதன் பயனே இக்கட்டுரை.

இங்கிலாந்தில் வாழும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, சுண்டுவிரல் உயரமுள்ள போர்வீரர் உருவங்கள் நிறைந்த பெட்டியொன்றையும் விதிநூலொன்றையும் கல்லூரிக்கு அளித்துச் சென்றார். மேசையே போர்க்களம். அடிக்கோலால் அளந்து படைகளை நகர்த்தல் வேண்டும். தாக்குதலின் முடிவைத் தாயக்கட்டை கூறும். மேல்வகுப்பு மாணவன் ஒருவனும் அவனிலும் இரண்டு வயது இளையவன் ஒருவனும் நாடோறும் மாலையில் ஆடலாயினர். இளையவன் கனத்த கவசம் பூண்ட வீரர் சிலரைத் தெரிந்தான். மூத்தவன் எளிய வில்லாளர் பலரைத் தெரிந்தான். இருவர்க்கும் 1000 புள்ளி. நான்கு மாலையும் இளையவனே தோற்றான். ஐந்தாம் நாள் என்னிடம் வந்து, “ஐயா, இருவருக்கும் ஒரே அளவு புள்ளிதானே? பின் ஏன் நான் மட்டும் தோற்கின்றேன்?” என வினவினான். “புள்ளி சமமாயின் குறை உன் ஆட்டத்திலேதான் இருத்தல் வேண்டும்” என்றேன். அவன் மறுமொழி கூறாது சென்றான். அந்த மௌனம் என்னை உறுத்தியது.

விளையாட்டின் வரலாறு

மேசைமீது போர் நடத்தும் வழக்கம் புதிதன்று. பிரசிய நாட்டுப் பிரபுவாகிய வொன் றைஸ்விற்ஸ் என்பார் 1812 இல் தம் அரசனுக்கு இத்தகைய விளையாட்டொன்றைக் காட்டினார். அவருடைய மகன் 1824 இல் அதன் விதிகளைத் திருத்தி வெளியிட்டார். பிரசியப் படையதிகாரிகள் அதனைப் பயிற்சிக்குக் கைக்கொண்டனர். பயிற்சிக்காக ஆடுமிடத்து இரு பக்கமும் சமமாதல் வேண்டுமென்பதில்லை. உண்மைப் போரில் எவரும் பகைவனுக்குச் சமமாகத் தம் படையைக் குறைத்துக்கொள்வதில்லை அன்றோ? 1913 இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜீ. உவெல்ஸ் ‘சிறு போர்கள்’ எனப் பொருள்படும் நூலொன்றை எழுதி, பொம்மை வீரரைக் கொண்டு வீட்டினுள் ஆடும் முறையை யாவர்க்கும் எளிதாக்கினார். பயிற்சி பொழுதுபோக்காக மாறியதும் நடுநிலை என்னும் வினா முன்னே வந்துவிட்டது.

1983 இல் இங்கிலாந்தில் ‘வோர்ஹாமர்’ என்னும் விளையாட்டுத் தோன்றியது. பிறையன் அன்செல், றிச்சாட் ஹலிவெல், றிக் பிறீஸ்ற்லி ஆகிய மூவர் அதனை ஆக்கினர். மனிதர், குறளர், கொப்ளின் என்னும் சிறு பூதங்கள், நாகங்கள் எனப் பலவகை உயிர்கள் அதிலே பொருதன. ஒரே வகையினர் பொருதால் தலையெண்ணிச் சமன் செய்யலாம். ஒரு நாகத்துக்கு எத்தனை கொப்ளின் ஈடாகும் என்பதை எண்ணி அறிதல் இயலாது. மதித்தே அறிதல் வேண்டும். அம்மதிப்பே புள்ளி.

கூட்டலா, பெருக்கலா?

ஒரு வீரனுக்கு விலையிடுவது எவ்வாறு? தாயக்கட்டையிலிருந்து தொடங்குவாம். வாள் வீரன் ஒருவன் வீசும் அடி 4, 5, 6 விழுந்தாற் படும். இதன் நிகழ்தகவு 1/2. பட்ட அடி மீண்டும் 4, 5, 6 விழுந்தாற் காயப்படுத்தும்; இதுவும் 1/2. எதிரி மெல்லிய கவசம் பூண்டவனாயின் 6 விழுந்தாலன்றித் தப்பான். தப்பாமைக்குரிய நிகழ்தகவு 5/6. மூன்றையும் பெருக்க 5/24 வரும். அஃதாவது, 24 அடிக்குச் சராசரி ஐவர் வீழ்வர். எதிரி கனத்த கவசம் பூண்டு, 4, 5, 6 விழுந்தால் தப்புவானாயின் 24 அடிக்கு மூவரே வீழ்வர். எனவே கனத்த கவசம் அவனுடைய வாழ்நாளை 5/3 மடங்காக்குகின்றது.

அக்கவசத்தின் விலை என்ன? யாவர்க்கும் ஒரே விலை என்பது இயல்பாகத் தோன்றும் விடை. அது பிழை. மெல்லிய கவசத்தோடு தான் வீழுமுன் ஒருவனை வீழ்த்தும் எளிய வீரன், கனத்த கவசம் பூண்டால் சராசரி 1.67 பேரை வீழ்த்துவான், ஊதியம் 0.67. அவ்வாறே நால்வரை வீழ்த்தும் தலைவன் அதே கவசத்தாற் சராசரி 6.67 பேரை வீழ்த்துவான், ஊதியம் 2.67. ஒரே கவசம், பயனோ நான்கு மடங்கு வேறுபாடு. ஆதலின் ஒரு பொருளின் விலையை அதனைத் தாங்குபவனை நோக்கியே இடுதல் வேண்டும். தாக்கும் ஆற்றலும் தாங்கும் ஆற்றலும் ஒன்றையொன்று பெருக்குவன, கூட்டுவன அல்ல.

களமும் விலையும்

இனி, எளிய வீரனுக்கு ஒரு புள்ளி எனக் கொள்வாம். தாக்குதலிலும் தாங்குதலிலும் அவனைப்போல் இருமடங்கு ஆற்றலுடைய சிறப்பு வீரனுக்கு எத்தனை புள்ளி? கூட்டுவோன் அடிப்படைக்கு ஒன்று, மிகுதிகளுக்கு ஒவ்வொன்று என 3 என்பான். பெருக்குவோன் 2 × 2 = 4 என்பான். எது சரி?

ஆங்கிலப் பொறியியலாளர் பிரெடெறிக் லங்கெஸ்ரர் 1914 இல் எழுதிய கட்டுரைகளிலும், 1916 இல் வெளியிட்ட நூலிலும் இவ்வினாவுக்கு உதவும் விதியொன்றைக் கூறினார். இரு பக்கத்து வீரரும் ஒருங்கே எய்யத்தக்க வெளியில், ஒரு படையின் வலிமை என்பது ஒருவனுடைய திறனை எண்ணிக்கையின் வர்க்கத்தாற் பெருக்க வருவதாம். சிறப்பு வீரர் பதின்மரின் வலிமை 4 × 100 = 400. எளிய வீரர் இருபதின்மரின் வலிமை 1 × 400 = 400. ஆகவே வெளியிற் சிறப்பு வீரனொருவன் எளிய வீரர் இருவர்க்கே ஈடாவான். அவன் விலை 2.

ஒடுங்கிய பாலத்தில் ஒருவரோடொருவரே பொரக்கூடுமாயின் வர்க்கம் பயன்படாது; எண்ணிக்கையால் மாத்திரம் பெருக்கல் வேண்டும். அங்கே பதின்மரின் வலிமை 4 × 10 = 40; அவர் நாற்பதின்மர்க்கு ஈடாவர். விலை 4. வீரன் ஒருவனே, வெளியில் 2, பாலத்தில் 4.

இஃது எனக்கு முதலில் வியப்பாயிருந்தது. பின்னர், யான் இருபதாண்டாகக் கற்பிக்கும் இலக்கணத்தில் இதனைக் கண்டேன். ‘பசு’ என்னுஞ் சொல்லின் ஈற்று உகரம் ஒரு மாத்திரை ஒலிக்கும். ‘நாடு’ என்னுஞ் சொல்லின் ஈற்று உகரமோ குற்றியலுகரமாகி அரை மாத்திரையே பெறும். எழுத்து ஒன்று, நின்ற இடமும் சார்ந்த எழுத்தும் அளவை மாற்றின. படைவீரனுக்கும் இதுவே விதி.

விலையை இடையிலே 3 என வைப்பின் என்னாகும்? 30 புள்ளிக்குச் சிறப்பு வீரர் பதின்மர் அல்லது எளியோர் முப்பதின்மர். வெளியில் 400 க்கு எதிரே 900. எளியோர் ஏறத்தாழ 22 பேர் எஞ்ச வெல்வர். பாலத்தில் 40 க்கு எதிரே 30. சிறப்பு வீரர் வெல்வர். எனவே 3 என்பது எவ்விடத்தும் சரியான விலையன்று. ஆயினும் நல்ல விலை. களத்திற் பாலமும் வெளியும் இரண்டும் இருக்குமாயின், எதிரியை எங்கே சந்திப்பது என்னும் தலைவனது அறிவே வெற்றியைத் தீர்மானிக்கும். புள்ளி செய்யத்தக்கது அவ்வளவே. அது செய்யவேண்டியதும் அதுவே.

துணையாற் பெறும் மதிப்பு

தனித்து மதிக்க இயலாதனவும் உள. அருகிலுள்ளார்க்கு ஊக்கமளிக்குந் தலைவன் ஐவர் நடுவே நிற்பதும் ஐம்பதின்மர் நடுவே நிற்பதும் ஒன்றல்ல. சதுரங்கத்திற் காலாளுக்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, கோட்டைக்கு 5, அரசிக்கு 9 என மதிப்பிடுவர். மந்திரி இருவரும் ஒருங்கே இருப்பின் ஏறத்தாழ அரைக் காலாளின் மதிப்பு மேலதிகமாக உண்டென்பர் வல்லோர். இவ்வாறு சேர்க்கையால் வரும் மிகுதியை விலைப்பட்டியல் காட்டாது. அதனால் விலையோடு அளவுக் கட்டுப்பாடும் வேண்டப்பட்டது. 2010 இல் வந்த வோர்ஹாமரின் எட்டாம் பதிப்பு, படையின் புள்ளியில் நூற்றுக்கு 25 இற் குறையாமல் அடிப்படை வீரர்க்கும், 25 இன் மேற்படாமல் அரிய வகையினர்க்கும் செலவிடுமாறு விதித்தது.

இத்துணைக் குறையுடைய புள்ளியை ஒழித்துவிடலாகாதோ எனச் சிலர் வினவக்கூடும். அதுவும் செய்து பார்க்கப்பட்டது. பழைய விளையாட்டுக்குப் பதிலாக 2015 இல் ‘ஏஜ் ஒவ் சிக்மார்’ வெளிவந்தபோது அதிற் புள்ளியே இல்லை. ஒரு பக்கத்து உருவங்கள் மற்றப் பக்கத்தினும் மூன்றிலொரு பங்கு மிகுந்தாற் குறைந்த பக்கத்துக்குச் சலுகையுண்டு என்னும் விதி இருந்தது. தலையெண்ணும் அவ்விதிக்கு நாகமும் ஒன்று, கொப்ளினும் ஒன்று. ஆட்டக்காரர் தாமே புள்ளிப் பட்டியல்கள் வகுக்கத் தலைப்பட்டனர். 2016 இல் வெளிவந்த கைந்நூலொன்றின் வாயிலாக வெளியீட்டாளரே புள்ளியை மீளக் கொணர்ந்தனர். குறையுள்ள அளவுகோல், அளவுகோலே இல்லாமையினும் மேலானது என்பதை அவ்வோராண்டு காட்டியது.

சோதிக்கும் முறை

கணக்காற் கண்ட விலையை ஆட்டத்தாற் சோதித்தல் வேண்டும். ஓரிரு ஆட்டம் போதா. முற்றிலும் சமமான இரு படைகள் பத்து முறை பொருதாலும், ஒரு பக்கம் ஏழோ அதற்கு மேலோ வெல்லுதல் மூன்றுக்கு ஒரு தடவையளவில் தற்செயலாகவே நேரும் என்று கணிதம் கற்பிக்கும் நண்பர் கணக்கிட்டுக் காட்டினார். நூறு ஆட்டத்தில் எழுபது வெற்றியாயின் விலை பிழையென ஐயமின்றிக் கூறலாம். திருத்துங்கால் ஒருமுறைக்கு ஒரு விலையையே, சிறிதளவே மாற்றுக. பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்ததென அறிய இயலாது.

விரைவான சோதனையும் ஒன்றுண்டு. ஒருவன் இரு படைகளையும் வகுக்க; மற்றவன் தனக்கு வேண்டியதைத் தெரிக. எஞ்சியது தனக்கே என அறிந்தவன் ஒரு பக்கத்துக்குச் சாய்ந்து வகுக்கமாட்டான். அடுத்த ஆட்டத்திற் படைகளை மாற்றி ஆடுக. யார் ஆடினும் ஒரே படை வெல்லுமாயின் குறை விலையில். எப்படையாயினும் ஒருவனே வெல்வானாயின் திறமை அவனிடத்தில்.

இவ்வளவும் கற்றபின் அம்மாணவர் ஆடிய மேசையைச் சென்று பார்த்தேன். குன்றில்லை, வேலியில்லை, பாலமில்லை, வெறும் பலகை. வில்லாளர் பலர்க்கு அது லங்கெஸ்ரரின் வெளி. இளையவனின் கவச வீரர் தம் விலையில் ஒரு பகுதியை, அங்கில்லாத பாலத்துக்காகச் செலுத்தியிருந்தனர். பட்டியலிற் புள்ளி சமம், களத்தில் அன்று. இளையவனை அழைத்து, “தம்பி, அன்று நான் சொன்னது பிழை. எண்ணைப் பார்த்தேன், மேசையைப் பார்க்கவில்லை” என்றேன். அவன் சிரித்தான்.

புத்தகங்களை அடுக்கிக் குன்றாக்கினோம். நீல நிறத் துணியை ஆறாக விரித்து, அடிமட்டமொன்றைப் பாலமாக இட்டோம். அன்றும் அவன் தோற்றான். ஆயினும், “பாலத்தை விட்டு முன்னேறியது என் பிழை, ஐயா” என்று அவனே கூறினான். அடுத்த நாள் படைகளை மாற்றி ஆடி வென்றான். அதன் காரணத்தையும் கூறினான். தோற்றவன் தன் தோல்விக்குக் காரணத்தைத் தன் செயலிலே காணக்கூடுமாயின், அப்புள்ளி நேரிய புள்ளி. காண இயலாதாயின், எத்துணைச் சமமாகத் தோன்றினும் அது நேரியதன்று.

அன்று தொட்டு விடைத்தாள் திருத்துங்கால் என் சிவப்புப் பேனா சிறிது தயங்குகின்றது. இருவர்க்கும் நான் கொடுத்த வினாத்தாள் ஒன்றே. அவர்கள் அமர்ந்து எழுதிய மேசையும் ஒன்றுதானா என்பதைப் பார்த்தபின்னரே இப்பொழுது புள்ளியிடுகின்றேன்.