கென்யாவுக்கு முன்னால் தேக்கடி: குடும்பத்தோடு காட்டுவிலங்கு பார்க்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

டிவியில் சிங்கம் வரிக்குதிரையை விரட்டுவதைப் பார்த்துவிட்டு, "நாமளும் ஒருதரம் ஆப்பிரிக்கா போகலாம்ப்பா" என்று பிள்ளைகள் கேட்பது உண்டு. தாராளமாகப் போகலாம். ஆனால் அவ்வளவு பணத்தைக் கொட்டி நைரோபிவரை போய், ஜீப்பில் ஏறிய அரைமணியில் சின்னவன் "போரடிக்குது" என்றால் யாரை நோவது? மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. உசிலம்பட்டி, தேனி, கம்பம் வழியாகச் சுமார் 140 கிலோமீட்டரில் தேக்கடி இருக்கிறது. முதலில் அங்கே ஒத்திகை பாருங்கள். பாஸ்போர்ட் வேலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

1. பைனாகுலர் வாங்கும்போது அதன்மேல் 8x42 என்பதுபோல எழுதியிருப்பதைக் கவனியுங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. அடுத்தது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். "பெரிய நம்பர்தான் நல்லது" என்று 12, 16 மடங்கு வாங்கிவிடாதீர்கள். ஆடும் படகிலும் ஓடும் ஜீப்பிலும் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும், ஒன்றும் தெரியாது. குடும்பத்துக்கு 8 மடங்கு போதும். சின்னக் கைகளுக்கு 8x21 போன்ற எடை குறைந்தது. வாங்கியதும் பெட்டியில் பூட்டி வைக்காமல், மாலையில் மொட்டைமாடியில் பிள்ளைகளிடம் கொடுங்கள். யானைமலை உச்சியும் கோபுரத்தைச் சுற்றும் பருந்தும் நல்ல பாடம். முதலில் வெறுங்கண்ணால் பறவையைப் பார்த்து, பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழக வேண்டும். காட்டில் போய் இதைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

2. அடுத்த பயிற்சி மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். பாறைக் குன்றுகளில் வல்லூறும் கழுகும் கூடு கட்டுகின்றன. டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டு, ஊர்மக்கள் எதிர்த்து நின்று, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தான கதையையும் போகும் வழியில் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மழைக்காலம் முடிந்த பிறகென்றால் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கே வெடி வெடிக்காத கொள்ளுகுடிப்பட்டி அங்கேதான் இருக்கிறது. சத்தம் போடாதே என்று நூறுதரம் அதட்டுவதைவிட அந்த ஊரைக் காட்டுவது மேல்.

3. தேக்கடிக்கு நல்ல காலம் மார்ச் முதல் மே வரை. காட்டுக்குள் இருக்கும் சிறு ஓடைகள் வற்றிவிடுவதால் யானை, காட்டுமாடு, மிளா எல்லாம் ஏரிக்கரைக்கு வரும். ஏரி இறங்கிய கரையில் புல்லும் முளைத்திருக்கும். மழைக்காலத்தில் பச்சை கண்ணை நிறைக்கும். விலங்குக்கோ தண்ணீர் எங்கும் கிடைக்கும், ஏரிக்கு வரவேண்டிய கட்டாயம் இல்லை.

4. கார்த்திகை, மார்கழியைத் தவிர்த்துவிடுங்கள். சபரிமலை வண்டிகள் தேக்கடியை ஒட்டிய குமுளி வழியாகத்தான் போகும். கூட்டத்தைப் பொறுத்துக் கம்பம்மெட்டு பக்கம் திருப்பிவிடுவதும் உண்டு.

5. ஏரியில் விலங்கு பார்க்கப் போகும் படகுக்கு இணையத்தில் முன்பதிவு செய்து, ஆதார் அட்டையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். முதல் படகு அல்லது கடைசிப் படகு; நடுப்பகல் படகில் வெயில்தான் மிச்சம். முதல் படகு வேண்டும் என்றால் முந்தின நாளே குமுளியில் தங்குவது நல்லது. விடியுமுன் கிளம்பி ஓட்டிக்கொண்டு வந்து, படகில் எல்லோரும் தூங்கி வழிவதில் என்ன லாபம்?

6. புளியோதரை நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறினால் மறுநாள்வரை தாங்கும். தயிர்ச்சோற்றுக்குப் பாலை அதிகமாகவும் தயிரைக் குறைவாகவும் விட்டுப் பிசையுங்கள். எவர்சில்வர் தூக்கு, வாழை இலை, பாக்குமட்டைத் தட்டு போதும். பிளாஸ்டிக் பையும் டம்ளரும் வேண்டாம். சாப்பாட்டைக் காட்டுக்கு வெளியிலேயே முடித்துவிட வேண்டும். கம்பத்தில் வாங்கிய பன்னீர் திராட்சையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே போனால், அது உங்களுக்கு இல்லை, குரங்குக்கு. அது பிடுங்கினால் விட்டுவிடுங்கள். இழுத்துப் பிடித்தால் கடி வாங்கி, நாய்க்கடி ஊசி போட அலைய வேண்டிவரும்.

7. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு மலையேற்றம். வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு அரைமணி முன்பே டாக்டர் சொன்ன மாத்திரை. வயிறு முட்ட பரோட்டா வேண்டாம். ஏறுமுன் பென்னிகுவிக் மணிமண்டபத்தில் வண்டியை நிறுத்தினால் காலும் நீட்டலாம், பத்தாவது குறிப்புக்கும் உதவும்.

8. உடை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு தேவை. அரக்கும் மஞ்சளுமாகச் சுங்குடி கட்டிக்கொண்டு வர அப்பத்தா ஆசைப்படுவார். காட்டுக்குள் மங்கலான பச்சை, காவி, சாம்பல் நிறப் பருத்திதான் சரி. தலைநிறைய மல்லிகை, செண்ட் இரண்டையும் அறையிலேயே விட்டுவிடுங்கள். யானையின் மோப்பம் நம் கணக்குக்கு அப்பாற்பட்டது.

9. படகில் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டால் மட்டும் போதாது, பட்டைகளை முழுவதும் இறுக்க வேண்டும். "புழுங்குது" என்று அவிழ்த்து மடியில் வைக்க யாரையும் விடாதீர்கள், மாமனாராகவே இருந்தாலும். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்கும் ஆவலில் பலர் ஒரே பக்கம் எழுந்து போனதும் அதற்கு ஒரு காரணம். "யானை!" என்று யாராவது கத்தும்போது எழாமல் உட்கார்ந்திருப்பதுதான் இந்தப் பயணத்தின் கடினமான வேலை. அதனால் கிளம்புமுன்பே பிள்ளைகளோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: எந்தப் பக்கம் எது தெரிந்தாலும் எழக்கூடாது, பக்கத்தில் இருப்பவர் கைகாட்டினால் போதும். படகு திரும்பும்போது உங்கள் பக்கமும் கரை வரும்.

10. விலங்கு வராத நேரத்தில் என்ன பார்ப்பது என்று முன்பே யோசித்து வையுங்கள். தண்ணீருக்கு மேலே கருத்து நிற்கும் பட்ட மரங்களைக் காட்டுங்கள். பென்னிகுவிக் கட்டிய முல்லைப்பெரியாறு அணை 1895இல் திறந்தபோது மூழ்கிய காட்டின் மரங்கள் அவை. இன்று அவற்றின்மேல் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இறக்கையை விரித்து உலர்த்துகின்றன. அந்த ஏரித்தண்ணீர் சுரங்கம் வழியாக மலையைக் கடந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்து, கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லுக்குப் பாய்ந்து, வைகை அணையில் சேர்ந்து மதுரைக்கு வருகிறது. நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் புறப்படும் இடத்தில் மிதந்துகொண்டிருக்கிறோம் என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். பெரியவர்களில் சிலரும் பார்ப்பார்கள்.

11. புலியைக் காட்டுவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். தேக்கடிக் காடு 1978 முதல் புலிகள் காப்பகம்தான். 925 சதுர கிலோமீட்டர் அடர்ந்த காட்டில் புலி ஏன் உங்கள் படகு நேரத்துக்கு வர வேண்டும்? நீர்நாய்க் குடும்பம் மீன் பிடிப்பதைப் பார்த்தாலே பெரிய யோகம். ஆப்பிரிக்கப் புல்வெளிக்கும் நம் காட்டுக்கும் இதுதான் பெரிய வித்தியாசம். அங்கே மறைவு குறைவு, பத்து சிங்கம் படுத்திருந்தால் பத்தும் தெரியும். இங்கே காத்திருந்து பழகிய கண்ணுக்கு அங்கே எல்லாமே தாராளமாகத் தோன்றும்.

12. மழைக்காலத்தில் நடைப்பயணம் போனால் அட்டை ஏறும். பிய்த்து இழுக்காமல், நகத்தால் பக்கவாட்டில் வழித்துத் தள்ளுங்கள். அட்டையின் எச்சில் ரத்தத்தை உறையவிடாது என்பதால் சற்று நேரம் கசியும். கழுவி, பஞ்சை அழுத்திப் பிடியுங்கள். பதற வேண்டாம்.

13. இதெல்லாம் முடிந்தும் வீட்டில் எல்லோரும் "இன்னொருதரம்" என்கிறார்களா? அப்படியானால் கென்யாவைப் பற்றிப் பேசலாம். நாள்தான் முதல் கேள்வி. மசாய் மாராவில் வில்டபீஸ்ட் கூட்டம் ஆற்றைத் தாண்டும் காட்சி ஜூலை முதல் அக்டோபர் வரை. நம் முழுப்பரீட்சை லீவு அங்கே பெருமழைக் காலம். காலாண்டு லீவோடு ஆயுத பூஜையையும் சேர்த்துப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். அந்த இடம் சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால் விடியலில் குளிரும். கொடைக்கானல் ஸ்வெட்டரே போதும்.

14. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். கென்யாவிலிருந்து திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் தடுப்பூசி அட்டையைக் கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள்வரை தனிமையில் வைக்கலாம். சென்னை கிண்டி கிங் நிலையத்திலும் தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். மதுரைக்குத் தூத்துக்குடிதான் பக்கம். முட்டை ஒவ்வாதவர்கள், கர்ப்பிணிகள், 60 வயது தாண்டியவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது. மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியை ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

15. மாராவில் நினைத்த இடத்தில் ஜீப்பைவிட்டு இறங்க முடியாது. அதிகாலைச் சவாரிக்கு முன் பிள்ளைகளும் பெரியவர்களும் காப்பியைக் குறைத்துக்கொள்வது நல்லது. சர்க்கரை உள்ளவர்கள் பிஸ்கட்டையும் மிட்டாயையும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும், பெட்டியில் அல்ல.

16. கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் கேரிபேக்குக்குத் தடை. சுற்றுலாப் பயணிக்கும் விலக்கில்லை. இட்லிப்பொடி, பருப்புப்பொடி பொட்டலங்களை மஞ்சப்பையில் போட்டு, செக்-இன் பெட்டியில் வையுங்கள். மாராவுக்குப் போகும் குட்டி விமானங்களில் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையில். வீட்டு எடை மெஷினில் பையைத் தூக்கிக்கொண்டு ஒருதரம், வெறுங்கையோடு ஒருதரம் ஏறி நின்று கழித்துப் பாருங்கள். கூடினால் முதலில் வெளியே எடுக்க வேண்டியது ஊறுகாய் பாட்டில்.