முட்டை வராமல் முக்கும் கோழி

மொட்டை மாடியில் வளர்க்கும் எங்கள் கோழி போன வாரம் தோல்முட்டை இட்டது. இன்று காலையிலிருந்து முக்குகிறது. முட்டை வரவில்லை, இரையும் எடுக்கவில்லை. விளக்கெண்ணெய் புகட்டலாமா?
– வாசகி, லேக் மார்க்கெட், கொல்கத்தா

வேண்டாம் அம்மா. வாயில் ஊற்றும் எண்ணெய் குடலுக்குத்தான் போகும். சிக்கியிருப்பது முட்டைக் குழாயில். அகலமான டப்பில் கை பொறுக்கும் வெந்நீர் ஊற்றி, கோழியை அடிவயிறு நனைய இருபது நிமிடம் உட்கார வையுங்கள். ஈரம் துடைத்து, ஆசனவாயைச் சுற்றித் தேங்காயெண்ணெய் தடவி, இருட்டான கூடையில் தனியே விடுங்கள். பல கோழிகள் அங்கேயே முட்டையிட்டுவிடும். வயிற்றை மட்டும் பிசையாதீர்கள்; முட்டை உள்ளே உடைந்தால் ஓடு கிழித்து, சீழ் பிடித்து, உயிருக்கே ஆபத்து.

மதியத்துக்குள் வரவில்லையா? டாக்ஸி பிடித்து பெல்காச்சியா கால்நடைப் பல்கலைக்கழகத்துக்குப் போங்கள். 1893இல் தொடங்கிய பழைய வங்காளக் கால்நடைக் கல்லூரிதான் அது. ஒரு கோழிக்காகவா என்று கூச்சம் வேண்டாம்.

தோல்முட்டைதான் முதல் எச்சரிக்கை. ஒரு முட்டை ஓட்டுக்கே சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். முட்டையை வெளியே தள்ளும் தசைக்கும் அதே கால்சியம்தான். சோறும் காய்கறித் தோலும் அதைத் தராது. லேயர் தீவனம் போடுங்கள், தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் தூள் வையுங்கள். வேண்டியதைக் கோழியே கொத்திக்கொள்ளும். வெயிலில் வாய் பிளந்து மூச்சிரைக்கும் கோழிக்கும் ஓடு மெலியும். உங்கள் ஊர் மே மாதப் புழுக்கத்துக்கு மாடியில் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கட்டாயம்.