யுங்கின் மயக்கம்

அன்புள்ள யாழினிக்கு,

பிறக்கும்போதே எனக்குள் ஒரு ‘நான்’ இருக்கிறதா, அதைக் கண்டுபிடித்த பிறகுதான் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். ஆழ்மன உளவியலில் இந்தக் கேள்வியை விடாமல் துருவியவர் சுவிட்சர்லாந்தின் கார்ல் யுங் (1875–1961).

அவருக்கு 12 வயது. பாசல் நகரப் பேராலயத் திடலில் ஒரு பையன் தள்ளிவிட, தலை கல்லில் மோதியது. ‘இனிப் பள்ளிக்குப் போக வேண்டாம்’ என்று அந்தக் கணமே ஓர் எண்ணம் மின்னியதாம். அதன்பின் பாடம் என்றாலே மயக்கம்தான். ஆறு மாதத்துக்கு மேல் காடு, நீர்க்கரை, பகற்கனவு என்று திரிந்தார். ஒருநாள், பாதிரியாரான அப்பா நண்பரிடம், கையிலிருந்ததெல்லாம் கரைந்துவிட்டது, இவன் எப்படிப் பிழைப்பான் என்று வருந்தியது காதில் விழுந்தது. யுங் நேரே போய் லத்தீன் இலக்கணத்தை எடுத்தார். பத்து நிமிடத்தில் மயக்கம். தெளிந்ததும் மறுபடி புத்தகம், மறுபடி மயக்கம். விடவில்லை. சில வாரங்களில் பள்ளிக்குத் திரும்பினார்.

அந்த மயக்கம் நடிப்பல்ல, அவருக்குள்ளிருந்துதான் வந்தது. ஆனாலும் அதைத் தன் மெய்யான குரலென்று அவர் கொள்ளவில்லை. நியூரோசிஸ் என்னும் உளக்கோளாறு என்றால் என்னவென்று அப்போதுதான் புரிந்தது என்றார். உள்ளிருந்து எழுவதையெல்லாம் ‘என் சுயம்’ என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். யுங் சொன்ன சுயம், நாம் அறிந்த மனமும் அறியாத மனமும் சேர்ந்த முழுமை. அதை நோக்கிய வளர்ச்சியைப் பெரும்பாலும் வாழ்வின் பிற்பாதிக்குரிய வேலையாகவே அவர் கண்டார். 17 வயதில் பிடிபடவில்லையே என்று நீ கலங்குவது வீண்.

சுயத்தில் பொய்யானதும் உண்டு என்பார்கள். லண்டன் குழந்தை மருத்துவர் வினிகாட், தாயின் விருப்பத்துக்கே ஓயாமல் பணிய நேரும் குழந்தையிடம் பொய்ச்சுயம் ஒன்று முன்னே வந்து நிற்கும் என்று 1960இல் எழுதினார். ஆனால் அதில் நல்ல வகையும் உண்டாம்: மரியாதை, பழகும் நயம். பெரியப்பா வந்தால் எழுந்து நிற்பது உன்னை நீயே ஏமாற்றுவதாகாது!

ஓக் விதைக்குள் மரம் இருப்பதுபோல ஒவ்வொருவருக்குள்ளும் அவரவர் வடிவம் இருக்கிறது என்று 1996இல் எழுதினார் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஹில்மன். படிக்க இனிக்கும், எனக்கு ஒப்பவில்லை. புகழ்பெற்றவர்களின் சிறுவயதைப் பின்னோக்கிப் பார்த்தால் எல்லாமே அறிகுறியாகத்தான் தெரியும். அதே அறிகுறிகளோடு வேறெங்கோ போனவர்களை யார் கணக்கெடுத்தார்கள்? குணப்போக்கு ஓரளவு பிறவியிலேயே வருகிறது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. அவ்வளவுதான்.

ஆகவே கல்லூரி விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதே. தாவரவியலும் பிடிக்கும், வரலாறும் பிடிக்கும் என்றாயே, எதை வேண்டுமானாலும் எடு. உன் அப்பாவிடம் நான் பேசுகிறேன்.

அன்புடன்,
மாமா