வாசிக்கத் தெரிந்த பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

மேடவாக்கம் கூட்டுரோட்டுக்கு அருகிலுள்ள ஒரு சிறிய நர்சரி பிரைமரிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பை ஏற்றிருக்கிறாய் என்று அறிந்து மிகவும் சந்தோஷம். ஆட்டோ ஓட்டுகிறவரும், சித்தாள் வேலைக்குப் போகிறவளும், சோழிங்கநல்லூர்க் கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கிறவளும், இலவசமாய்ப் படிக்க அரசுப் பள்ளி இருக்கையிலே, வட்டிக்கு வாங்கியேனும் உங்களிடம் ஃபீஸ் கட்டுகிறார்கள் என்றால், அந்த ஆசையை ஆங்கில மோகம் என்று இகழ நமக்கு உரிமையில்லை. அதற்குத் தக்க கல்வியைக் கொடுப்பதே கடமை.

இத்தகைய பள்ளிகளைப் பற்றி அரசாங்கம் கவலைப்படாமல் இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்ட பிறகு கூரையும் மாடிப்படியும் கவனத்துக்கு வந்தன. கட்டணத்தை வரையறுக்க 2009-லும், பொதுப் பாடத்திட்டத்துக்கு 2010-லும் சட்டங்கள் வந்தன. ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைத் தானாக வாசித்துப் பொருள் சொல்கிறதா என்று பார்க்கும் காரியம் சட்டத்தால் ஆகக்கூடியதன்று; அது உன்னிடம்தான் வந்து நிற்கிறது.

ஃபீஸ் கட்டினாலே படிப்பு வந்துவிடாது. ஆந்திரக் கிராமங்களில் குலுக்கல் முறையில் சில ஏழைப் பிள்ளைகளைத் தேர்ந்து, கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளிக்கு அனுப்பி, நான்காண்டுகளுக்குப் பின் சோதித்த ஆராய்ச்சியைக் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2015-இல் வெளியிட்டார்கள். தெலுங்கிலும் கணிதத்திலும் அப்பிள்ளைகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமமாகவே இருந்தனர். இந்தியில் மட்டும் தெளிவாக முந்தினர். அத்தனியார் பள்ளிகளின் ஆசிரியர் சம்பளமோ அரசு கொடுப்பதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. சொற்பச் செலவில் சமமான பலன் என்று மெச்சுவோர் உண்டு. ஆனால் வயிற்றைக் கட்டி ஃபீஸ் கட்டும் தாய் எதிர்பார்ப்பது சமமான பலனை அல்லவே!

ஆகவே, முதல் வாரத்திலேயே பிள்ளைகளின் கேள்வி-பதில் நோட்டுகளைத் திறந்து பார். கரும்பலகையைப் பார்த்து எழுதிய எழுத்து முத்து முத்தாக இருக்கும். கேட்டால் பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கவும் செய்யும். அப்பதிலின் நடுவில் ஒரு சொல்லை மட்டும் விட்டு, மற்றவற்றை விரல்களால் மறைத்து, ‘இது என்ன?’ என்று கேள். மறுபடி முதலிலிருந்து முணுமுணுத்து வந்து அந்தச் சொல்லைப் பிடிக்கிற பிள்ளைக்கு இன்னும் வாசிக்கத் தெரியவில்லை.

பிறகு ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று படிப்படியாக வாசிக்கச் செய்; பிரதம் அமைப்பினர் 2005-இல் தொடங்கிய அசர் ஆய்வின் வாசிப்புச் சோதனை இவ்வளவே. தமிழிலும் செய், ஆங்கிலத்திலும் செய். அவரவர் நின்ற படிக்கேற்பக் குழு பிரித்து, பாடப் புத்தகத்தை மூடிவைத்து, தினம் ஒரு பீரியடை அதற்கே கொடு. ரிஷிவேலிப் பள்ளியின் கற்றல் அட்டை முறையைத் தழுவி 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலின் சாரமும், பிள்ளை தன் வேகத்தில் ஏற வேண்டும் என்பதுதான். இலவசப் பள்ளியிடமிருந்து கற்றுக்கொள்ள உங்கள் பள்ளி வெட்கப்பட வேண்டியதில்லை.

நோட்டு நிரம்பவில்லையே என்று பெற்றோரும் கேட்பார்கள், கரஸ்பாண்டென்ட்டும் கேட்பார். வாதம் செய்யாதே, முன்பின் பாராத ஒரு பக்கத்தைப் பிள்ளை அவர்கள் எதிரிலேயே வாசிக்கட்டும். சொற்பச் சம்பளத்தைத் தியாகம் என்று புகழ்ந்தால் மயங்கிவிடாமல், நியாயமான ஊதியமும், ஆசிரியைகள் கூடிப் பேச வாரம் ஒரு மணி அவகாசமும் தைரியமாகக் கேள். இவை இல்லாத பள்ளியில் நல்ல ஆசிரியை நிலைப்பதில்லை.

அரையாண்டுத் தேர்வுக்கு முன், எத்தனை பிள்ளைகள் கதை வாசிக்கும் படிக்கு வந்தார்கள் என்று எனக்கு எழுது. மார்க்கு விவரம் வேண்டாம்.