நாணயம் மாறும், நம் நாணயம் மாறலாமா?

யுத்தம், அந்நிய ஆட்சி, அரசியல் மாறுதல் இவையெல்லாம் சரித்திரப் புத்தகத்துச் சங்கதிகள், வியாபாரிக்கு இவற்றில் என்ன வேலை என்று நம்மில் சிலர் எண்ணுவதுண்டு. அது சரியல்ல. சர்க்கார் மாளிகையில் கொடி மாறினால், அந்த மாற்றம் கடைசியில் நம் கல்லாப்பெட்டிக்குள்தான் வந்து சேருகிறது. கடல் கடந்து பிழைக்க வந்த சமூகம் நம்முடையது. ஒரு கரையில் சம்பாதித்து மறு கரையில் குடும்பத்தைக் காத்த நமக்கு இதன் பாதிப்பு இரட்டிப்பு.

தமிழிலே காசுக்கும் நாணயம் என்று பெயர். நேர்மைக்கும் நாணயம் என்றே பெயர். முதலாவது நாணயம் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. இரண்டாவது நம் கையில் இருக்கிறது. முதலாவது செத்துப் போகும்போது இரண்டாவது என்ன செய்ய வேண்டும் என்பதே இப்பாடம்.

வாழைமர நோட்டு

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தாபாருவில் இறங்கியது. டிசம்பர் 11ஆம் தேதி பினாங்கு நகரில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அன்று முதல் மூன்றரை ஆண்டுகள் ஜப்பானியர் ஆட்சி.

அவர்கள் ஒரு நோட்டு அச்சிட்டார்கள். அதன் பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்தபடியால் அதற்கு வாழைமர நோட்டு என்ற பெயர் வந்தது. அதன் பின்னால் தங்கமும் இல்லை, சரக்கும் இல்லை. செலவு வந்தபோதெல்லாம் அச்சிட்டார்கள். பின்னால் வந்த நோட்டுகளில் வரிசை எண்கூட இல்லை. கப்பல் வராததால் அரிசி அருகிற்று. மக்கள் மரவள்ளிக் கிழங்கை உண்டு நாளைக் கடத்தினர். சரக்கு குறைய, நோட்டு பெருக, விலை ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஆயிரம் வெள்ளி நோட்டுகூட வந்துவிட்டது.

1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்தனர். ஜப்பான் நோட்டு செல்லாது என்று அவர்களுடைய இராணுவ நிர்வாகம் அறிவித்தது. மாற்றிக் கொள்ளவும் வழியில்லை. மூட்டை மூட்டையாய் நோட்டு வைத்திருந்தவன் கையில் அது வெறுங் காகிதம் ஆயிற்று.

அதே காலத்தில் மறு கரையில் நடந்ததையும் மறக்கலாகாது. நாகூர், கூத்தாநல்லூர், கடையநல்லூர், தென்காசி போன்ற ஊர்களில் கணவன் அனுப்பும் பணத்தை நம்பியே பல குடும்பங்கள் இருந்தன. யுத்தம் மூண்டதும் நாகப்பட்டினம் கப்பல் நின்றது, கடிதம் நின்றது, பணமும் நின்றது. அனுப்பியவன் உயிரோடிருக்கிறானா என்பதுகூடத் தெரியாமல் ஆண்டுகள் கழிந்தன.

கடன் தீர்ந்ததா?

இனித்தான் நம் போன்றோர் சிந்திக்க வேண்டிய இடம். ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். யுத்தத்துக்கு முன் ஒருவர் இன்னொருவரிடம் ஐந்நூறு வெள்ளிக்கு அரிசி கடனாக வாங்கினார். 1945இன் நடுவிலே ஐந்நூறு வெள்ளி வாழைமர நோட்டைக் கொண்டுவந்து கொடுத்து, "கடன் தீர்ந்தது, எழுதிக் கொடுங்கள்" என்கிறார். எண் சரியாக இருக்கிறது. ஆனால் வாங்கிய அரிசி பல மூட்டை. அந்த நோட்டுக்கு வரும் அரிசியோ ஒரு பை நிறையாது. மறுக்கவும் முடியாது, சர்க்கார் நோட்டை வேண்டாம் என்றால் ஜப்பானியரின் தண்டனை காத்திருக்கிறது. இந்தக் கடன் தீர்ந்ததா, இல்லையா?

இத்தகைய வழக்குகள் யுத்தம் முடிந்ததும் பெருகின. 1948ஆம் ஆண்டு மலாயாவில் ஜப்பானியர் காலத்துக் கடன்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். நோட்டின் மதிப்பு காலத்துக்குக் காலம் எவ்வளவு வீழ்ந்தது என்பதற்கு ஓர் அட்டவணை போட்டு, அதன்படி கடனைக் கணக்கிடச் செய்தார்கள். கோர்ட்டு வழக்கு அதோடு முடிந்திருக்கலாம். மனச்சாட்சியின் வழக்கு முடிந்ததா?

நம் மார்க்க அறிஞர்கள் இதை எப்போதோ ஆராய்ந்திருக்கிறார்கள். செப்புக் காசின் மதிப்பு மாறினால் கடனை எப்படித் தீர்ப்பது என்ற கேள்விக்கு, வாங்கிய எண்ணிக்கையையே கொடுத்தால் போதும் என்பது இமாம் அபூஹனீபா அவர்களின் கருத்து. அவர்களுடைய மாணவரான இமாம் அபூயூசுப் அவர்களோ மதிப்பைப் பார்க்க வேண்டும் என்றார்கள். இமாம் ஷாபிஈ அவர்களும் வாங்கியதற்கு ஒப்பானதையே திருப்ப வேண்டும் என்ற பக்கமே நின்றார்கள். பிற்காலத்தில் டமாஸ்கஸ் நகரத்து இப்னு ஆபிதீன் அவர்கள் இவ்விஷயத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார்கள். தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் வேலை. நாம் அதில் தலையிடுவதற்கில்லை.

ஆனால் தீர்ப்புக்கும் மேலே ஒரு படி இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடனாகப் பெற்ற ஒட்டகத்தைவிட மேலான ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்த செய்தி நாம் மதரஸாவிலே கேட்டதுதான். கடன் கொடுத்தவன் கூடுதல் கேட்டால் அது வட்டி. கடன்பட்டவன் கேளாமலே மனமுவந்து கூட்டிக் கொடுத்தால் அது நன்றி. நோட்டு செத்த காலத்தில் கடன்காரனின் நாணயத்தைக் காட்டும் வாசல் இதுவே.

மீண்டும் நடக்காதா?

அது யுத்த காலத்துச் சமாசாரம் என்று ஒதுக்க வேண்டாம். 1967 ஜூன் 12ஆம் தேதி மலேசியாவும் சிங்கப்பூரும் புரூணையும் தத்தம் புதிய நாணயத்தை வெளியிட்டன. பழைய வெள்ளியும் கூடவே செல்லுபடியாயிற்று. அந்தப் பழைய வெள்ளி இங்கிலாந்தின் பவுனோடு கட்டப்பட்டிருந்தது. நவம்பர் 18ஆம் தேதி இலண்டனில் பவுனின் மதிப்பைக் குறைத்தார்கள். உடனே பழைய ஒரு வெள்ளி எண்பத்தைந்து காசு ஆயிற்று. காலனி ஆட்சி போய்ப் பத்தாண்டு கழிந்த பிறகும், இலண்டனில் போட்ட ஒரு கையெழுத்து இங்கே ஏழையின் முடிச்சில் பதினைந்து காசைப் பறித்தது. பினாங்கில் நவம்பர் 24ஆம் தேதி நடந்த ஹர்த்தால் கலவரமாக மாறி உயிர்ச்சேதத்தில் முடிந்தது.

மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கொன்று சமமாய் மாறிய ஏற்பாடு 1973இல் முடிந்தது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு இந்தியாவில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஊருக்குப் போக எடுத்து வைத்த ரூபாயும், பணமாற்றுக் கடைகளில் இருந்த ரூபாயும் தேங்கிப் போயின. ஆக, ஒரு தலைமுறைக்கு ஒரு முறையாவது இது நம் வாசலைத் தட்டுகிறது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது: கடனை எழுத வேண்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது தொழுகையைப் பற்றியதல்ல. கடனை எழுதி, சாட்சி வைப்பதைப் பற்றியது. சொந்தக்காரன்தானே, ஊர்க்காரன்தானே என்று வாய்ப்பேச்சாக விடுவது நம்மிடையே பெரும் குறை. எழுதும்போது எந்த நாட்டு நாணயம், எந்தத் தேதி, எந்தச் சரக்கு என்பதையும் எழுத வேண்டும்.

இரண்டாவது: அமானிதப் பணத்தைக் கடை முதலோடு கலக்கலாகாது. கடைப்பையனின் சம்பளப் பாக்கியாயினும், பிறர் நம்பிக் கொடுத்து வைத்த தொகையாயினும் தனிப் பக்கத்தில் பேர் போட்டு இருக்க வேண்டும். பாதை அடைபட்டாலும், கொடுத்தவர் மறைந்தாலும், அவருடைய வாரிசுக்கு அந்தப் பக்கம் பேசும்.

மூன்றாவது: வஸிய்யத் எழுதி, அது இருக்கும் இடத்தை வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்கு, அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனை ஏற்றுக்கொண்ட பிறகே நாயகம் (ஸல்) அவர்கள் தொழ வைத்தார்கள். நம் கடனை ஏற்க யார் வருவார் என்பது இருக்கட்டும். எவ்வளவு கடன் என்பதாவது தெரிய வேண்டாமா?

நான்காவது: நாணயம் வீழும் நாளில் அதைச் சந்தர்ப்பமாக்கிக் கடனைக் கழிக்கப் பார்க்கலாகாது. இருவரும் உட்கார்ந்து, தேவைப்பட்டால் ஓர் ஆலிமையும் வைத்து, இருவர் மனமும் ஒப்பும்படி தீர்த்துக் கொள்ள வேண்டும்.

நோட்டில் எந்த ராஜாவின் தலை இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் நமக்கு என்றும் இருந்ததில்லை. பேரேட்டில் என்ன எழுதுவது என்ற அதிகாரம் என்றும் நம்மிடமே இருந்திருக்கிறது. இன்றிரவு கடையைச் சாத்துமுன், எழுதாமல் கிடக்கும் கொடுக்கல் வாங்கல் ஒன்றையாவது எழுதி வைப்போமாக. அதற்கு அல்லாஹுத்தஆலா நம் யாவருக்கும் தௌபீக் செய்வானாக. ஆமீன்.