இருளைக் கெடுக்காத வழிகாட்டி

விண்ணில் எண்ணற்ற மீன்களைப் பதித்த இறைவன், அவற்றைக் கண்டு மகிழ நமக்குக் கண்களையும் தந்தருளினார். அக்கண்களுக்குத் துணையாக மனிதன் தொலைநோக்கியைப் படைத்தான். 1609-ஆம் ஆண்டில் கலிலியோ தம் தொலைநோக்கியை வானை நோக்கித் திருப்பினார். அன்று முதல் வானை ஆராய்வோர் அனைவருக்கும் ஒரு தொல்லை இருந்து வந்தது. காண வேண்டிய பொருளை அகன்ற வானில் தேடிப் பிடிப்பதே அத்தொல்லை. இதைத் தீர்க்க மின்னணுத் துணைக்கருவிகள் வந்துள்ளன. ஆனால் அவற்றின் ஒளியே நம் பார்வையைக் கெடுத்துவிடுகிறது. இதனை எவ்வாறு சீர்செய்யலாம் என்று இக்கட்டுரையில் காண்போம்.

தேடுவது ஏன் கடினம்?

தொலைநோக்கி பொருளைப் பெரிதாக்கிக் காட்டும்; ஆனால் வானின் மிகச் சிறிய பகுதியையே காட்டும். முழுநிலவின் அகலம் ஏறத்தாழ அரைப் பாகை. அந்த அளவே தெரியும் தொலைநோக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலைக்கு மேலுள்ள வானம் முழுவதையும் அதனால் பார்த்து முடிக்க ஏறத்தாழ ஒரு லட்சம் முறை திருப்ப வேண்டும்! நிலவைக் கண்டுபிடிப்பது எளிது. மங்கிய பஞ்சுத் துணுக்கைப் போலத் தோன்றும் ஒரு விண்மீன் கொத்தைக் கண்டுபிடிப்பது எளிதன்று.

கருவி வேலை செய்யும் விதம்

தொலைநோக்கி இரண்டு அச்சுகளில் திரும்புகிறது. ஒவ்வோர் அச்சிலும் என்கோடர் என்னும் சிறு கருவி பொருத்தப்படுகிறது. ஒரு முழுச் சுற்றை 10,000 படிகளாக எண்ணும் என்கோடரைக் கொள்வோம். ஒரு சுற்று 360 பாகை. ஒரு பாகைக்கு 60 கலை. ஆக மொத்தம் 21,600 கலை. இதை 10,000-ஆல் வகுத்தால் ஒரு படிக்கு 2.16 கலை. நிலவின் அகலமோ 30 கலை. எனவே நிலவின் அகலத்தில் பதினான்கில் ஒரு பங்கு நகர்ந்தாலும் கருவி அறிந்துகொள்ளும்.

முதலில் நமக்குத் தெரிந்த இரண்டு ஒளிமிக்க விண்மீன்களைக் கருவிக்குக் காட்ட வேண்டும். அதன்பின் வேண்டிய பொருளைத் தேர்ந்தெடுத்தால், இன்னும் எத்தனை பாகை திருப்ப வேண்டும் என்று எண்கள் காட்டும். இரண்டு எண்களும் பூச்சியம் ஆகும்வரை கையால் தள்ளினால் போதும். இன்று கைப்பேசியின் காமிராவே வானைப் படமெடுத்து, விண்மீன்களின் அமைப்பை ஒப்பிட்டு, தொலைநோக்கி நோக்கும் இடத்தைக் கணக்கிடும் முறையும் வந்துவிட்டது.

கண் இருளுக்குப் பழகும் விதம்

நம் விழித்திரையில் இரு வகைச் செல்கள் உள்ளன. கூம்பு செல்கள் பகலிலும் நிறங்களைக் காண்பதிலும் உதவுகின்றன. குச்சி செல்கள் மங்கிய ஒளியில் உதவுகின்றன. குச்சி செல்களில் ரோடாப்சின் என்னும் நிறமி உள்ளது. அது உருவாக வைட்டமின் ஏ தேவை. கீரையும் காரட்டும் உண்ணும்படி வீட்டில் நம்மை வற்புறுத்துவதன் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ!

பேரொளி பட்டவுடன் ரோடாப்சின் சிதைந்துவிடும். அது மீண்டும் சேர 20 முதல் 30 நிமிடங்கள் அல்லது அதற்கு மேலும் ஆகும். நன்கு இருளுக்குப் பழகிய கண், பகல் ஒளியில் இருந்த கண்ணைவிடப் பல ஆயிரம் மடங்கு கூர்மையாக ஒளியை உணரும். இத்தனை பொறுமையாகச் சேர்த்த செல்வத்தைக் கைப்பேசியின் வெள்ளொளி நொடிப்பொழுதில் பறித்துவிடுகிறது.

நாற்பது மாணவியர் ஒரே தொலைநோக்கியில் இரண்டு மணி நேரம் வானைப் பார்ப்பதாகக் கொள்வோம். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடமே கிடைக்கும். ஒருத்தி கவனமின்றி ஒளிரவிடும் வெள்ளொளி, அடுத்த ஏழு முதல் பத்து மாணவியரின் முறையைக் கெடுத்துவிடும். அவர்கள் வில்லை வழியே பார்ப்பார்கள். ஆனால் மங்கிய பொருள் அவர்கள் கண்ணுக்குப் புலப்படாது.

கருவியில் வேண்டிய திருத்தங்கள்

1. ஒளியின் அளவு: குச்சி செல்கள் 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை மிகுதியாக உணரும்; 640-க்கு மேற்பட்ட ஆழ்ந்த சிவப்பை அநேகமாக உணர்வதில்லை. ஆதலால் சிவப்பு ஒளி ஏற்றது. எனினும் சிவப்பாக இருந்தால் மட்டும் போதாது. கூம்பு செல்கள் எண்ணைப் படிப்பதற்கு வேண்டிய அளவே ஒளி இருக்க வேண்டும். மிகுந்த சிவப்பொளியும் தீங்கு செய்யும்.

2. முழுத்திரையும் சிவப்பு: வான வரைபடம் மட்டும் சிவப்பாக மாறி, எழுத்துப்பலகையும் வந்து விழும் செய்திகளும் வெள்ளையாகவே ஒளிர்வதால் பயன் இல்லை. சிலவகைத் திரைகளில் கறுப்பாகத் தெரியும் இடத்திலும் பின்விளக்கின் ஒளி கசியும். திரையின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளைப் பல மடிப்புகளாக ஒட்டுவது செலவில்லாத நல்ல வழி. கருவியை இயக்கும்போதே வெள்ளைத் திரை தோன்றும் வழக்கத்தையும் நீக்க வேண்டும்.

3. பெரிய எழுத்து: மங்கிய ஒளியில் கண்ணின் கூர்மை குறையும். எனவே ஒளியைக் கூட்டாமல் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். கறுப்பின்மேல் சிவப்பாக, இரண்டு எண்களும் இரண்டு அம்புக்குறிகளும் தெரிந்தால் போதும்.

4. நிறத்தை நம்பாமை: சிவப்பு விளக்கில் சிவப்பு மையால் எழுதியவை மறைந்துவிடும். ஆகவே விண்மீன் கொத்துக்கு வட்டம், அண்டத்துக்கு நீள்வட்டம் என்று வடிவத்தால் வேறுபடுத்த வேண்டும். நிறம் பிரித்தறிய இயலாதோருக்கும் இது உதவும்.

5. தொடுதலும் ஒலியும்: தொலைபேசியின் 5 என்ற பொத்தானில் சிறு மேடு இருப்பதை நாம் அறிவோம். இருளில் விரலே கண்ணாகும்படி இக்கருவியிலும் மேடுள்ள பொத்தான்கள் வேண்டும். வழவழப்பான தொடுதிரையோ கண்ணால் பார்க்கவே நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. பனித்துளி படிந்தால் சரியாகப் பணிவதுமில்லை. இலக்கை நெருங்க நெருங்க ஒலி விரைவாக ஒலித்தால், கண்ணை வில்லையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

6. தமிழ்ப் பெயர்கள்: அல்டெபரான், ஸ்பைக்கா, அன்டாரெஸ் என்றால் நம்மில் பலர் திகைப்போம். ரோகிணி, சித்திரை, கேட்டை என்றால் பாட்டிமாரும் அறிவர். தொடக்கத்தில் விண்மீனைத் தவறாகக் காட்டினால் கருவி சொல்வது யாவும் தவறாகும். ஆதலால் பழகிய பெயர்களையும் கருவியில் சேர்ப்பது நலம்.

அருட்சகோதரிகள் நால்வரின் தொண்டு

இக்கருவிகளின் நினைவில் விண்மீன்களின் இருப்பிடங்கள் பதிந்துள்ளன. அவை எளிதில் கிடைத்தவை அல்ல. 1910 முதல் 1921 வரை வத்திக்கான் வானாய்வகத்துக்காக எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலொம்போ, கொன்செத்தா பினார்தி, லூயிஜியா பன்சேரி என்னும் நான்கு அருட்சகோதரிகள் புகைப்படத் தகடுகளை உருப்பெருக்கியால் நோக்கி, 4,81,215 விண்மீன்களின் இடங்களை அளந்து எழுதினர். இப்பணி பல நாடுகள் சேர்ந்து செய்த வானப்பட முயற்சியின் ஒரு பகுதியாகும். விண்மீன்கள் எவ்வளவு நகர்ந்துள்ளன என்று கணக்கிட அப்பழைய அளவைகள் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த டைக்கோ-2 பட்டியலுக்கு உதவின. நெடுங்காலம் பெயர் அறியப்படாதிருந்த அச்சகோதரிகள் யார் என்பது 2016-இல்தான் உலகுக்குத் தெரிந்தது.

முடிவுரை

நல்ல கருவி கையில் இல்லாவிட்டாலும் நாம் செய்யக்கூடியவை பல. வானைப் பார்க்கச் செல்லுமுன் அரைமணி நேரம் இருளில் இருக்கலாம். இரு கண்களும் தனித்தனியே இருளுக்குப் பழகுவதால், திரையை ஒரு கண்ணால் மட்டும் பார்த்து, மற்றதை மூடிக் காக்கலாம். மங்கிய பொருளை நேராக நோக்காமல் சற்றுப் பக்கமாக நோக்கலாம். விழித்திரையின் நடுவில் குச்சி செல்கள் இல்லை. எல்லாவற்றிலும் மேலாக, விளக்கை ஏற்றுமுன் அருகில் நிற்பவளை நினைக்கலாம். நம் வசதிக்காக ஏற்றும் ஒளி பிறர் பார்வையை மறைக்கலாகாது. அக்கருத்தோடு கருவி செய்பவர் செய்தால், பயன்படுத்துவோரும் பயன்படுத்தினால், வரிசையின் கடைசியில் நிற்கும் சிறுமியும் விண்ணின் அழகைக் கண்குளிரக் காண்பாள்.