யாரை விட? எதில்?

பிக், பிக்கர், பிக்கெஸ்ட் என்று ஸ்கூலில் மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. 'பெரிய' என்ற சொல்லை இதே மாதிரி மாத்திப் பாருங்க. வராது! தமிழில் எதோடு ஒப்பிட்டாலும் 'பெரிய' அப்படியேதான் இருக்கும். அப்போ ஒப்பீடு எங்கே நடக்குது?

ஒரு அடி கணக்கு

"நம்ம ராஜகோபுரம் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை விட ஒரு அடி உயரம்." திருவண்ணாமலையில் இதைக் கேட்காதவங்க கம்மி. 217 அடி, 216 அடி என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இந்த வாக்கியத்தில் ஒப்பீட்டைச் சுமப்பது 'விட' என்ற சொல். அது 'விடு' என்ற வினையிலிருந்து வந்தது. அதாவது, தஞ்சையை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதுதான் கணக்கு.

பழைய தமிழிலும் இதே லாஜிக்தான். 'இன்' என்பது ஐந்தாம் வேற்றுமை உருபு. 'மலையின் இறங்கினான்' என்றால் மலையிலிருந்து இறங்கினான். 'மலையின் உயர்ந்தது' என்றால் மலையை விட உயர்ந்தது. விலகலுக்கும் ஒப்பீட்டுக்கும் ஒரே உருபு!

பால்டிக் கரையில்

தமிழுக்குச் சொந்தமே இல்லாத எஸ்தோனிய மொழியைப் பாருங்க. அதில் 'மாயா' என்றால் வீடு, 'மாயஸ்ட்' என்றால் வீட்டிலிருந்து. 'சினுஸ்ட் சூரெம்' என்றால் உன்னை விடப் பெரிய. நேராகப் பிரித்தால் 'உன்னிலிருந்து பெரிய'. நம்ம 'இன்' செய்யும் அதே வேலை. ஒரே வித்தியாசம், அங்கே 'சூர்' (பெரிய) என்ற சொல்லும் 'சூரெம்' என்று மாறும்.

நமக்கு என்ன?

பிளேஸ்மென்ட் சீசனில் "அவன் பெட்டர்" என்று ஈசியா சொல்லிடறோம். யாரை விட என்பது காணாமல் போயிடுது. தமிழில் சொல்லிப் பார்த்தால் அந்த இடம் காலியா இருப்பது உடனே தெரியும்.

எதில் என்பதும் முக்கியம். உயரத்தில் நம்ம கோபுரம் ஒரு அடி முன்னால். வயசில் தஞ்சை முன்னால்: அது 1010-இல் முடிந்தது, நம்ம கோபுரம் 16-ஆம் நூற்றாண்டு. 1987-இல் கட்டி முடித்த ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைப் பக்கத்தில் வைத்தால் உயரத்திலும் ரெண்டு பேரும் பின்னால்.

அதனால் அடுத்த முறை யாராவது உங்க சிஜிபிஏ-வையோ சம்பளப் பேக்கேஜையோ ஒப்பிட்டால், பதில் சொல்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: யாரை விட? எதில்? எவ்வளவு? மூணுக்கும் பதில் இல்லைன்னா, அது ஒப்பீடே இல்லை. உங்களை நீங்களே ஒப்பிடும்போதும் இதே மூணு கேள்விதான்.